மழைத்தண்ணீர்த் தாங்கியில் கோளாறா? கூரையிலிருந்து கீழே பாருங்கள்

ஐப்பசி பிறந்து இரண்டு பெருமழை அடித்ததும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டுத் தாங்கி நிரம்பவில்லை, தெஹிவளையில் நிரம்பி வழிகிறது ஆனால் தண்ணீர் பில் குறையவில்லை, கொட்டாஞ்சேனையில் தண்ணீர் நாறுகிறது. கட்டடப் படம் வரைகிற வேலையில் தொடங்கி, வரைந்த வீடுகளில் தாங்கிகள் பழுதாகிப் போவதைப் பார்த்துப் பார்த்து இந்தத் திருத்த வேலைக்குள் வந்தவன் நான். ஒரே பிழையை ஐம்பது வீட்டில் பார்த்த பிறகு அதை எழுதி வைப்பதுதான் சரி என்று பட்டது.

மழைத்தண்ணீர் போகிற வழி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: கூரை, கூரை விளிம்புப் பீலி, கீழிறங்கும் பைப், முதல் மழையை ஒதுக்கும் பைப் (கூரை அழுக்கோடு வரும் முதல் தண்ணீரைத் தாங்கிக்கு விடாமல் பிடிப்பது), வடிகட்டி, தாங்கி, மோட்டர், மேல்தாங்கி, குழாய். கோளாறு தெரிவது கடைசி மூன்றில். அது தொடங்குவது பெரும்பாலும் முதல் நான்கில். அதனால் ஹார்ட்வெயார் கடைக்குப் போய் விலைகூடிய வடிகட்டி வாங்கும் முன் ஒரு ஏணியைத் தேடுங்கள். டோர்ச், ஒரு வாளி, சோக்குக்கட்டி, கேக்குக்குப் போடும் நிறம், கடைசி மூன்று மாதத் தண்ணீர் பில், இவ்வளவு போதும்.

## எல்லாவற்றுக்கும் முன்: சபைத் தண்ணீர்க் குழாயில் மணம் அல்லது நிறம்

நீர் வழங்கல் சபையின் தண்ணீர் நேரடியாக வருகிற குழாயில் (குசினிக் குழாய் அநேகமாக அதுதான்) திடீரென்று இலை மணமோ மஞ்சள் நிறமோ வந்தால் கீழே எழுதியுள்ள மற்றதெல்லாம் பிறகு. முதலில் குடிப்பதை நிறுத்துங்கள்.

மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வைப் பூட்டுங்கள். அந்த நேரடிக் குழாயைத் திறந்து விடுங்கள். பைப்பில் மிச்சமிருப்பது வடிந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் உங்கள் வீட்டுக்குள் கலப்பு இல்லை, கோளாறு தெருப்பக்கம். சபையின் 1939 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

நிற்காமல் ஓடினால், மழைத்தண்ணீர்ப் பைப்பும் சபைப் பைப்பும் எங்கோ ஒன்றாகிவிட்டன. இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வை மட்டும் போட்டு, "தேவையென்றால் திறந்துகொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் சில பிளம்பர்களிடம் இருக்கிறது. அந்த வால்வு ஒருநாள் தேயும், அல்லது யாராவது மறந்து திறந்து விடுவார்கள். தெருப் பைப்பில் அழுத்தம் விழுகிற நேரம் உங்கள் தாங்கித் தண்ணீர் பின்னோக்கிப் போய்ப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கோப்பைக்கும் வரும். ஒருவழி வால்வு போட்டிருக்கிறோம் என்பதும் போதாது. சபைத் தண்ணீர் தாங்கிக்குள் மேலிருந்து விழ வேண்டும். பைப்பின் வாய் வழிவு மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடைவெளியோடு இருக்க வேண்டும். இதை நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். தெரிந்த பிளம்பரைக் கூப்பிட்டு அன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள்.

## நல்ல மழை, ஆனால் தாங்கி நிரம்பவில்லை

முதலில் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை என்றால் 2,000 லீற்றர். ஷீட் கூரையில் பத்தில் ஒரு பங்கு, ஓட்டுக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு போல வீணாகும். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அந்தக் கூரையிலிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் லீற்றர் வர வேண்டிய கணக்கு இது. அதில் கால்வாசிகூட வரவில்லையென்றால் வானத்தைக் குறை சொல்ல இடமில்லை.

மழையின்போது பீலியின் முன்விளிம்பால் தண்ணீர் கொட்டுகிறது. இலை அடைப்பு. பீலியைக் கையால் வழித்து எடுங்கள், கீழ்ப்பைப்பின் வாயில் காகக்கூட்டுச் சுள்ளியும் மாவிலையும் சிக்கியிருக்கும். சுத்தமான பிறகும் கொட்டினால் ஒரு வாளி தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பாருங்கள். நடுவில் தேங்கினால் தாங்குகிற கொக்கி தளர்ந்து பீலி தொய்ந்திருக்கிறது. மூன்று மீற்றருக்கு ஒன்றரை சென்ரிமீற்றர் சரிவு வருகிற மாதிரி கொக்கியை ஏற்றிக் கட்டினால் முடிந்தது. சரிவும் சரி, அடைப்பும் இல்லை, அப்படியும் பெருமழையில் மட்டும் கொட்டுகிறதென்றால் பைப் போதவில்லை. ஒரு சதுர மீற்றர் கூரைக்கு ஒரு சதுர சென்ரிமீற்றர் பைப் வாய் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 110 மில்லிமீற்றர் பைப் ஒன்று ஏறத்தாழ 85 சதுர மீற்றர் கூரைக்குத்தான் காணும்.

பீலியில் தண்ணீர் சரியாக ஓடுகிறது, தாங்கிக்கு வரவில்லை. முதல் மழையை ஒதுக்கும் பைப்பின் அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். யாரோ கழுவிவிட்டுப் பூட்ட மறந்திருப்பார்கள், அல்லது சொட்டுச் சொட்டாகப் போக வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும். நான் போன வீடுகளில் இந்த அறிகுறிக்கு இதுதான் அதிகம் கண்ட காரணம், இரண்டு விநாடி வேலை. ஒரு வீட்டில் ஐயா ஒருவர் ஆறு மாதமாகப் புதுத் தாங்கியை மாற்றச் சொல்லி விலை கேட்டுக்கொண்டிருந்தார், குழாயைத் திருகிவிட்டு வந்தேன்.

கூரையில் நான்கு கீழ்ப்பைப், தாங்கிக்கு வருவது ஒன்று. இது படத்தில் விட்ட பிழை, எனக்கு மிகவும் வலிக்கிறதும் இதுதான். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கக் கூரையின் உட்சரிவும் நடு முற்றத்தை நோக்கி இறங்கி, அந்தத் தண்ணீர் வீட்டின் நடுவில் வந்து விழும், அண்டாவை வைத்தால் போதும். இப்போது கொழும்பில் வரைகிற கூரை வெளியே பார்த்து நாலு திசைக்கும் ஓடுகிறது, பள்ளமும் முகடுமாக வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் நாலு மூலையால் இறங்கி மூன்று மூலைத் தண்ணீர் நேரே தெருக் கானுக்குப் போகிறது. கட்டி முடித்த வீட்டில் பக்கத்து மூலைப் பைப்பையாவது சுவரோடு சுற்றிக் கொண்டுவந்து இணைக்கலாம், ஒருநாள் வேலை. இன்னும் அத்திவாரம் போடாதவர்கள் என்றால் கூரைச் சரிவைத் தாங்கி இருக்கும் பக்கமாகத் திருப்பும்படி படம் வரைகிறவரிடம் இப்போதே சொல்லுங்கள். கோடு மாற்றக் காசு இல்லை.

தண்ணீர் வருகிறது, பிறகு குறைகிறது. இரவு படுக்கும் முன் மோட்டரை நிறுத்தி, தாங்கியின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தில் சோக்கால் கோடு போடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒழுக்கு. மூன்று நாலு நாள் விட்டுப் பாருங்கள்: ஒரு மட்டத்தில் வந்து நின்றுவிட்டால் வெடிப்பு அந்த மட்டத்தில்தான் இருக்கிறது, முழுத் தாங்கியையும் பூச வேண்டியதில்லை. வெளிப்பக்கப் பைப் இணைப்பு என்றால் நீங்களே இறுக்கலாம். நிலத்தடித் தாங்கியில் அடிவரை வற்றினால் மேசனைக் கூப்பிடுங்கள்.

## தாங்கி எப்போதும் நிறைந்திருக்கிறது, பில் குறையவில்லை

கேட்க நல்ல பிரச்சினை போல இருக்கும். உண்மையில் இது மழைத்தண்ணீர் அமைப்பு வேலையே செய்யவில்லை என்பதற்கான அறிகுறி.

மழை இல்லாத ஒரு கிழமையில் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். அப்போதும் கழுத்துவரை இருக்கிறதா? அப்படியென்றால் அதில் இருப்பது சபைத் தண்ணீர். வற்றும்போது சபைத் தண்ணீர் வர ஒரு மிதவை வால்வு வைத்திருப்பார்கள், அதை மேலே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வாளி எடுக்கும்போதும் காசு கொடுத்த தண்ணீர் வந்து இடத்தை நிரப்பும், மழை வந்தால் உள்ளே இடமில்லாமல் வழிவுப் பைப்பால் போய்விடும். தெஹிவளை வீட்டில் நடந்தது இதுவே. இரண்டு பருவமழை முழுக்க வழிந்து ஓடியிருந்தது. மிதவையின் கம்பியை இறக்கி, தாங்கி ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போன பிறகே திறக்கிற மாதிரி செய்யுங்கள். வால்வு இருக்கும் இடத்தையும் பைப்பின் வாயையும் இறக்க வேண்டாம், அந்தச் சாண் இடைவெளி முக்கியம். மிதவை மட்டும் நீளக் கயிற்றிலோ கம்பியிலோ கீழே போகட்டும்.

மிதவை சரியென்றால் கக்கூஸ் சிஸ்டனைப் பாருங்கள். கேக் நிறத்தில் சில துளி சிஸ்டனுக்குள் விட்டு அரை மணித்தியாலம் யாரும் பாவிக்காமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது. சின்னச் சாமான், ஆனால் இரவு பகலாகக் கசியும்.

அதுவும் சரியா? அப்போது விலைகூடிய காரணத்துக்கு வருகிறோம்: மழைத் தாங்கி எந்தக் குழாயோடும் இணைக்கப்படவே இல்லை, வளவில் ஒரு குழாய் மட்டும்தான். தேசிய மழைநீர்க் கொள்கை 2005 இல் வந்தது. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு படம் பாஸ் ஆவதற்காகத் தாங்கியைக் கட்டிவிட்டு அதோடு நின்றுவிட்ட வீடுகள் நிறைய. வீட்டில் அதிகத் தண்ணீர் குடிக்கிற இடம் கக்கூஸ். பழைய சிஸ்டன் ஒரு தடவைக்கு 9 லீற்றருக்கும் மேலே விடும், இரட்டைப் பொத்தான் வைத்த புது வகை 3 அல்லது 6 லீற்றர். கக்கூஸுக்கும் உடுப்புக் கழுவும் மெஷினுக்கும் மழைத்தண்ணீர் போகாமல் பில் குறையாது. அதற்குத் தனி மேல்தாங்கி, தனிப் பைப் வேண்டும். கட்டும்போது போட்டால் சுவருக்குள் இன்னொரு பைப், அவ்வளவுதான். கட்டிய பிறகென்றால் தளஓடு உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சுவரோடு பைப்பை ஏற்ற வேண்டும். நான் வெளிச்சுவரைத்தான் சொல்வேன். பார்வைக்கு அவ்வளவு வடிவில்லை, ஆனால் நாளைக்கு ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பைப்புக்கு வேறு நிறம் பூசிவிடுங்கள், பத்து வருடம் கழித்து வருகிற பிளம்பர் மாறிப் பூட்டாமல் இருக்க.

## தண்ணீரின் நிறம் மாறிவிட்டது

ஒரு கண்ணாடிக் கோப்பையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு மணித்தியாலம் அப்படியே வையுங்கள்.

பச்சை என்றால் வெளிச்சம் உள்ளே போகிறது, பாசி. மூடி சரியாக மூடவில்லை, அல்லது வெளிர்நிறத் தாங்கி வெயிலில் நிற்கிறது. டோர்ச்சை உள்ளே போட்டு இரவில் வெளியே நின்று பாருங்கள். சுவரால் வெளிச்சம் தெரிந்தால் கடும் நிறம் பூசவோ நிழல் போடவோ வேண்டும்.

தேத்தண்ணி நிறம், அடியில் படியவில்லை என்றால் இலை ஊறிய சாயம். பீலிக்குள் இலை கிடக்கிறது, வடிகட்டியில் ஊறிப்போய்க் கிடக்கிறது. கக்கூஸுக்குப் பாவிக்கலாம், வெள்ளை உடுப்புக்கு வேண்டாம்.

கலங்கல், ஒரு மணித்தியாலத்தில் படிகிறது என்றால் கூரைத் தூசு, முதல் மழை ஒதுங்கவில்லை. ஜனவரி, பெப்ரவரி வெயிலில் கூரையில் சேர்ந்த தூசும் காக எச்சமும் ஏப்ரல் முதல் மழையோடு இறங்கும். 100 சதுர மீற்றர் கூரைக்கு முதல் 50 முதல் 100 லீற்றரை வெளியே விட வேண்டும். 110 மில்லிமீற்றர் பைப்பில் ஒரு மீற்றருக்கு எட்டரை லீற்றர்தான் நிற்கும், ஆக சுவரில் மூன்று மீற்றர் பைப்பை நிறுத்திவிட்டு முதல் மழை ஒதுங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரு பழைய பீப்பாயை அந்த இடத்தில் வையுங்கள்.

வெண்மையாக, கையில் வழுக்குகிற மாதிரி, சவர்க்காரம் போட்டது போல இருந்தால் புதுச் சீமெந்துத் தாங்கி. இரண்டு மூன்று தடவை நிரப்பி இறைத்து விட்டால் போய்விடும்.

துருநிறம் என்றால் தகரக் கூரையையும் பழைய இரும்புப் பைப்பையும் பாருங்கள். அஸ்பெஸ்டஸ் ஷீட் கூரைக்காரருக்கு ஒரு வார்த்தை: பாசியைச் சுரண்டவோ, அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவவோ வேண்டாம். அந்தத் தூள் மூச்சோடு போகக் கூடாது. அந்தக் கூரைத் தண்ணீரைக் கக்கூஸுக்கும் மரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

## தண்ணீர் நாறுகிறது

அழுகிய முட்டை மணம். அடியில் சேறு, அதற்குக் காற்று இல்லை. மழை பெய்யும்போது மட்டும் நாறுகிறதா? அப்படியென்றால் மேலிருந்து விழும் தண்ணீர் சேற்றைக் கிளறுகிறது. உள்ளே வரும் பைப்பை அடிவரை இறக்கி நுனியை மேல்நோக்கி வளைத்துவிட்டால் தண்ணீர் மெதுவாக எழும், சேறு கிளம்பாது. மோட்டர் உறிஞ்சும் வாயும் தரையில் கிடக்கக் கூடாது, ஒரு சாணாவது மேலே இருக்க வேண்டும். மிதவையில் கட்டி மேல்மட்டத்திலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது.

செத்த மணம். எலி, பல்லி, ஒரு தடவை கொட்டாஞ்சேனையில் மரநாய்க் குட்டி. சீலிங்குக்கு மேல் மரநாய் குடியிருக்கிற பழைய வீடுகளில் பீலியிலேயே எச்சம் கிடக்கும். தண்ணீரைத் தொடாமல் முழுக்க இறைத்துவிடுங்கள், எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் வருவது, காலில் புண் இருப்பவர் அந்தத் தண்ணீரில் நிற்கக் கூடாது. சுவரைத் தேய்த்துக் கழுவி, வந்த வழியை வலையால் அடைத்து, திரும்ப நிரப்பியபின் டி.சி.எல். எனும் குளோரின் பவுடர் போடுங்கள்: 1,000 லீற்றருக்குப் புதுப் பவுடர் 5 கிராம், வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றி அரை மணித்தியாலம் விட வேண்டும். இது கழுவ, குளிக்க. குடிப்பதற்கு மழைத்தண்ணீரை எடுக்க நினைப்பவர்கள் ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகே எடுங்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்வார்.

தாங்கிக்குள் இறங்குவது பற்றி. இதை வடிவாகக் கேளுங்கள். மூடிக் கிடந்த நிலத்தடித் தாங்கியில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் இருக்கலாம். இறங்கியவர் சத்தமில்லாமல் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். மூடியை முழுக்கத் திறந்து பல மணித்தியாலம் விடுவது, விசிறியால் காற்று அடிப்பது, மேலே ஆள் நிற்பது, கயிறு கட்டுவது, இதெல்லாம் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். தாங்கி கழுவுவதையே தொழிலாகச் செய்பவர்களைக் கூப்பிடுவது நல்லது. தம்பி ஒருவனை ஐந்நூறு ரூபாவுக்கு இறக்கிவிடாதீர்கள்.

## தாங்கியில் நுளம்புக் குடம்பி

2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த வருடம் கொழும்பில் இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் எப்படி நிறைந்து கிடந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை. மழைத்தண்ணீர் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக விடுவது குற்றமும்கூட.

மூடியைப் பார்ப்பதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். வழிவுப் பைப்பின் வாயைப் பாருங்கள், நுளம்பு பெரும்பாலும் அதன் வழியாகத்தான் நுழைகிறது. காற்றுப் பைப்பின் வாய், முதல் மழைப் பீப்பாய், தொய்ந்த பீலியில் தேங்கிய இரண்டு விரல்கடைத் தண்ணீர், இவற்றையும் பாருங்கள். கண் 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த, துருப்பிடிக்காத வலையை வளையம் போட்டு இறுக்க வேண்டும். ஜன்னல் பிளாஸ்டிக் வலை வெயிலில் ஒரு வருடத்தில் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும், ஆகவே கிழமைக்கு ஒரு தடவை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தும்புத்தடியால் தேய்க்க வேண்டும்.

வலை எல்லாம் சரி, இன்னும் குடம்பி வருகிறதென்றால் பெரிய தாங்கியில் கப்பி மீன் விடலாம். அதற்கும் கட்டுப்படவில்லை என்றால் ஒளிக்காமல் பரிசோதகரிடம் சொல்லுங்கள், மருந்து போடுவார்கள்.

## மோட்டர்

ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில். இருந்தால் உறிஞ்சும் பைப்பின் அடி வால்வில் இலை சிக்கி மூடாமல் நிற்கும், பைப் வெறுமையாகிவிடும். மோட்டர் தலையில் உள்ள மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓடவிடுங்கள். நாளைக்கும் இதே என்றால் அடி வால்வை எடுத்துக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். மேலே நிற்கும் மோட்டர் ஏழு மீற்றர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது.

யாரும் குழாய் திறக்காமலே விட்டு விட்டு ஓடுகிறது: எங்கோ கசிகிறது, பெரும்பாலும் சிஸ்டன். இல்லாவிட்டால் அழுத்தக் குடுவையில் காற்றுப் போயிருக்கும், சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம்.

ஹும் என்று நிற்கிறது, சுழலவில்லை. அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது: உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பச் சுவிட்சை ஏற்றிப் பார்க்க வேண்டாம். தண்ணீரும் கரண்டும் சேருகிற இடம், மின்வேலைக்காரர் வரட்டும்.

## நிலத்தடித் தாங்கித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது

மழைத்தண்ணீரில் உப்பு இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்கம் இந்த முறைப்பாடு வரும். அன்றைக்கே சபைத் தண்ணீரையும் ருசித்துப் பாருங்கள், அதுவும் கரித்தால் தாங்கியில் பிழையில்லாமல் இருக்கலாம்: கடும் வரட்சியில் களனி ஆற்றில் கடல்நீர் அம்பத்தலை நீரேற்றும் பக்கம்வரை ஏறி வந்ததுண்டு, உங்கள் மிதவை வால்வு அதைத்தான் நிரப்பியிருக்கும். சபைத் தண்ணீர் நன்றாக இருந்து தாங்கி மட்டும் கரித்தால் வெடிப்பால் நிலத்தண்ணீர் உள்ளே வருகிறது. பாதியாக்கிவிட்டுச் சோக்குக் கோடு போடுங்கள், மழையில்லாமலே மட்டம் ஏறினால் சந்தேகமே இல்லை.

உப்போடு கக்கூஸ் மணமும் வந்தால் பக்கத்து மலகூடக் குழி கசிகிறது. பாவிப்பதை நிறுத்திவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் மூழ்கின வீடுகளைப் போல வெள்ளம் ஏறி இறங்கிய வளவென்றால் இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை, தண்ணீர் கெட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டு மழைக்காலத்தில் முழுத் தாங்கியையும் வெறுமையாக்காதீர்கள். சுற்றி நிலத்தண்ணீர் மேலே நிற்கும்போது வெறுந்தாங்கி வள்ளம் போலக் கிளம்பும், அடித்தளம் வெடிக்கும், பைப்புகள் முறியும். பிளாஸ்டிக் தாங்கி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்ததை நான் கண்டிருக்கிறேன். பூச்சு வேலையை பெப்ரவரிக்குத் தள்ளுங்கள்.

## குளித்த தண்ணீரை மரத்துக்கு விடுகிறோம்: நாற்றம், தேக்கம்

குளியலறை, உடுப்பு மெஷின் தண்ணீரைத்தான் சொல்கிறேன். குசினித் தண்ணீர் இதில் சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள், மீன் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை இந்தச் சின்ன அமைப்புகள் தாங்காது.

நாறினால் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்தத் தண்ணீரைச் சேமிக்கக் கூடாது, 24 மணித்தியாலத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். அடுத்தது மயிர், பஞ்சு பிடிக்கும் சல்லடை. கிழமைக்கு ஒரு தடவை கழுவாவிட்டால் அதுவே நாறும். குளியலறைக்குள்தான் மணம் என்றால் தரைக் கானின் வளைவில் தண்ணீர் காய்ந்திருக்கும், ஒரு கோப்பை ஊற்றுங்கள்.

வளவில் தேங்கினால் மண்ணைப் பாருங்கள். ஒரு முழக் குழி தோண்டி வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கபுக் (செம்பூரான்) மண் மேட்டில் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். வெள்ளவத்தைக் கால்வாய் ஓரம் போல தாழ்ந்த இடத்தில் தோண்டும்போதே குழியில் தண்ணீர் ஊறினால் அங்கே உறிஞ்சு குழி வேலை செய்யாது, எத்தனை தடவை கல் மாற்றினாலும். மழைத்தண்ணீரை நிலத்துக்கு விடுகிற குழிக்கும் இதே சோதனைதான். இரண்டு நாளில் வற்றாத குழி நுளம்புக்குத்தான் உதவும். அங்கெல்லாம் தரைக்கு மேலே தொட்டி கட்டி, சரளைக் கல் நிரப்பி, கல்வாழை நட்டு அதற்குள் விடுங்கள். முன்பு இறங்கிய மண் இப்போது இறங்கவில்லை என்றால் சவர்க்காரப் பிசுக்கு மேல்மண்ணை அடைத்துவிட்டது, கிளறிவிட்டு வேறு மரத்துக்குப் பைப்பைத் திருப்பி அந்த இடத்தைச் சில கிழமை காயவிடுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி மாதிரிப் பச்சையாகச் சம்பல் போடுகிற இலைகளுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.

## மேல்தாங்கிக்குக் கீழே சிலாப்பில் ஈரம்

பைப் இணைப்பு, வழிவு, மூடி, இந்த ஒழுங்கில் பார்த்து வாருங்கள். ஈரம் மழையன்று மட்டும் வந்தால் சிலாப்பின் பூச்சு, எப்போதும் என்றால் தாங்கி. இதுவரை சாதாரண வேலை.

ஆனால் சிலாப்பின் அடியில் வெடிப்பு ஓடினால், பூச்சு உப்பிக் கழன்று துருக்கம்பி தெரிந்தால், அல்லது மழைத்தண்ணீருக்கென்று இரண்டாவது தாங்கியை யாரையும் கேட்காமல் ஏற்றியிருந்தால், தாங்கியை அன்றைக்கே பாதியாக்குங்கள். 1,000 லீற்றர் என்றால் ஒரு தொன் எடை, அது பழைய வீட்டுச் சிலாப்பின் நடுவில் நிற்கிறதா, தூணும் பீமும் சேருகிற இடத்தில் நிற்கிறதா என்பதைப் பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை அதற்குக் கீழே கட்டில் போட்டு யாரும் படுக்க வேண்டாம்.